பாதியில் நிற்கும் கோப்ரா கிட்: வாங்கி முடித்தால் கட்டுப்படியாகுமா?

மெரிபேங்க்_தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துப் பைன்டவுனில் ஒரு கராஜில், அறுபதுகளின் கோப்ரா 427 ஸ்போர்ட்ஸ் காரைப் போல நாமே கட்டிக்கொள்ளும் கிட் ஒன்று விலைக்கு நிற்கிறது. வட்டக் குழாய் சேசிஸ், ஃபைபர் பாடி, கதவுகள், பானெட், பூட் மூடி எல்லாம் உண்டு. பின்பக்கம் ஜாகுவார் எக்ஸ்ஜே6 ஆக்சில் டிஃப்போடு (டிஃபரென்ஷியல், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டி) அப்படியே மாட்டியிருக்கிறது, முன்பக்கம் சக்கரம் பூட்டும் ஹப்பும் ஜாகுவார்தான். கியர்பாக்ஸ், வயரிங், ரேடியேட்டர், பிரேக் பைப், சீட், கண்ணாடி எதுவும் இல்லை. கேட்கிற விலை 1,20,000 ராண்ட்.

என்னிடம் லெக்ஸஸ் 1யூஇசட் வி8 எஞ்சின் ஒன்று ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியோடு இருக்கிறது. எனக்கு மேனுவல்தான் வேண்டும். மொத்தம் 3,50,000 ராண்டுக்குள் ரோட்டில் இறக்க எண்ணம். சேசிஸில் நம்பர் எதுவும் கண்ணில் படவில்லை, பேப்பரும் இல்லை என்கிறார்கள்.

கேட்க வேண்டியது மூன்று. இந்தத் தொகைக்குள் முடியுமா? வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்? இல்லை, முடிந்த வண்டியாகவே வாங்குவது மேலா?

லெனேஷியா_அக்கா எழுதியது:

தம்பி, எஞ்சின் பேச்சு பிறகு. முதலில் பேப்பர். அந்த கராஜில் இல்லாத பொருள்களில் மிகவும் விலை கூடியது அதுதான்.

நாட்டிஸ் என்ற நாட்டு வாகனப் பதிவேட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு (குறியீட்டு எண்) உண்டு: புதியது 1, பழகியது 2, கட்டி எழுப்பியது 3, இனி ரோட்டுக்கே வர முடியாதது 4. பதிவில்லாத பாகங்களைச் சேர்த்துக் கட்டும் கிட் 3-இல் போய் உட்காரும். கோடு 3-க்குக் கடன் கொடுக்க வங்கிகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை. நாளைக்கு உங்களிடம் வாங்க வருகிறவர் முழுத் தொகையையும் கையில் கொண்டுவர வேண்டும் என்று அர்த்தம். விற்பனை விலை அங்கேயே இறங்கிவிடும்.

பதிவுக்குப் போகும் வழி இது. போலீஸ் கிளியரன்ஸில் எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் சோதிப்பார்கள். நம்பரே இல்லாத சேசிஸ் என்றால், திருட்டு இல்லை என்று தெளிவான பிறகு போலீஸே எஸ்ஏபிவின் என்ற அடையாள நம்பர் கொடுத்துப் பொறிக்கச் செய்யும். அந்தத் தெளிவு வரவேண்டுமானால் பாகங்கள் எங்கிருந்து வந்தன என்று காட்ட வேண்டும். சேசிஸ் விற்கிறவரின் சத்தியக் கடிதம் (அஃபிடவிட்), ஜாகுவார் ஆக்சிலுக்கு ஸ்கிராப்யார்ட் ரசீது அல்லது பழைய வண்டியின் பதிவுத் தாள், உங்கள் 1யூஇசட்டுக்கு நம்பர் எழுதிய இன்வாய்ஸ். ஜப்பானிலிருந்து வந்த எஞ்சின் என்றால் இறக்குமதி செய்தவரின் கஸ்டம்ஸ் தாள் நகலும் கேட்டு வாங்குங்கள். இவற்றோடு எடை மேடைச் சான்றிதழ், எப்படிக் கட்டினீர்கள் என்ற உங்கள் சொந்தச் சத்தியக் கடிதம், கடைசியாக ரோட்வர்தி, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்ற டெஸ்ட். ரோட்வர்திச் சான்றிதழுக்கு ஆயுள் 60 நாள்தான். அதனால் மற்ற தாள்கள் கைக்கு வந்த பிறகே டெஸ்டுக்குப் போங்கள். பதிவில்லாத வண்டியை டெஸ்டுக்கு ஓட்டிக்கொண்டு போக 3 நாள் ஸ்பெஷல் பெர்மிட் வாங்க வேண்டும், இல்லையென்றால் டிரெய்லர்தான்.

உங்கள் ஊர் ரெஜிஸ்டரிங் அத்தாரிட்டி கவுண்டரில் தேவையான தாள்களின் பட்டியலை வேலை தொடங்குமுன்பே வாங்கிவிடுங்கள். வண்டி முடிந்த பிறகு கேட்டால், பழைய உரிமையாளரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இனிப் பணம். பாடியும் சேசிஸும் முடிந்த வண்டியின் செலவில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கு வைப்பது என் வழக்கம். 1,20,000 மூன்று மடங்கானால் 3,60,000. உங்களிடம் எஞ்சின் இருப்பதால் கொஞ்சம் குறையும், ஆனால் மேனுவல் பெட்டிக்கு மாற்றும் செலவு அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். நல்ல பெயிண்டும் தோல் சீட்டும் இந்தக் கணக்கில் வராது. வெளிநாட்டிலிருந்து பாகம் தருவித்தால் வாட் எப்படி ஏறுகிறது என்றும் பாருங்கள். 1,00,000 ராண்ட் பொருளுக்கு வரி 15,000 இல்லை. பொருள் மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, டியூட்டி இருந்தால் அதையும் கூட்டி, அதன் மேல்தான் 15 சதவீதம். டியூட்டியே இல்லாவிட்டாலும் 16,500. கப்பல் கூலியும் கிளியரிங் ஏஜென்ட் கூலியும் தனி. பழைய பாகம் என்றால் இட்டாக் (இறக்குமதி அனுமதி தரும் அரசு ஆணையம்) பெர்மிட் இல்லாமல் துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

லாபம் பார்க்கக் கட்டுவதென்றால் வேண்டாம். உங்கள் உழைப்பு நேரத்துக்கு யாரும் விலை தரமாட்டார்கள். வார இறுதியில் மட்டும் செய்கிறவருக்கு 1,000 மணி நேரம் என்பது குறைந்த மதிப்பீடு. வாரம் 10 மணி என்றால் இரண்டு வருடம்.

இசிபிங்கோ_வெல்டர் எழுதியது:

அக்கா பேப்பரைச் சொல்லிவிட்டார்கள். நான் இரும்பைச் சொல்கிறேன். தம்பி, இந்த வண்டியைப் பார்க்கப் போகும்போது டேப், காந்தம், சின்னச் சுத்தியல், டார்ச், பழைய பாய் ஒன்று எடுத்துக்கொண்டு போ. கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் மூலைவிட்டம். முன் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடது போல்ட் துளையிலிருந்து பின் வலது துளை வரை அள, பிறகு மறுபக்கம் அதே மாதிரி அள. வித்தியாசம் 3 மி.மீக்குள் இருந்தால் சரி. 6, 7 என்று வந்தால் சேசிஸை ஜிக்கில் (அளவு மாறாமல் பிடிக்கும் சட்டம்) பூட்டாமல் வெல்ட் அடித்திருக்கிறார்கள், அது வாழ்நாள் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும். அசல் 427-க்கு முக்கியக் குழாய் இரண்டும் 4 அங்குலம், அதற்கு முந்தைய லீஃப் ஸ்பிரிங் கோப்ராவுக்கு 3 அங்குலம். நகலில் குழாய் எந்த அளவாக இருந்தாலும் சுவர்த் தடிப்பு முக்கியம். டர்பன் கடல் காற்றில் துரு உள்ளேயிருந்து வரும். முழுக்க மூடி வெல்ட் அடித்த குழாய்க்கு ஆபத்துக் குறைவு. தரைத் தகட்டை ரிவெட் அடிக்க யாராவது துளை போட்டிருந்தால் அந்தத் துளை வழியே ஈரம் போயிருக்கும். குழாயின் அடிப்பக்கம் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. ஓசை மங்குகிற இடத்தில் நின்று பார்.

ஜாகுவார் பின் ஆக்சில் பலமானதுதான், ஆனால் அதன் பிரேக் டிஸ்க் சக்கரத்தில் இல்லை, டிஃப்பை ஒட்டி உள்ளே இருக்கிறது. பிரேக் சூடு நேராக டிஃப்பின் வெளியேறும் ஆயில் சீலுக்குப் போகும், சீல் கருகும், ஆயில் டிஸ்க் மேலேயே தெறிக்கும். மாட்டிய ஆக்சில் பல வருடம் சும்மா நின்றிருந்தால் சீல் காய்ந்திருக்கும் என்றே எடுத்துக்கொள். டிஸ்க், சீல், பேரிங், ஹேண்ட்பிரேக் பேட் நாலையும் பாடி ஏறும் முன் மாற்றிவிடு. பிறகு மாற்ற வேண்டுமென்றால் முழு ஆக்சிலையும் கீழே இறக்க வேண்டும்.

டிஃப் ரேஷியோவை, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிஃப்புக்குள் வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண்ணை, தட்டில் படித்துப் பார். 2.88-ம் வரும், 3.54-ம் வரும். பின் டயர் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்று வை. 120 கி.மீ வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 1,000 சுற்று. ஐந்தாம் கியர் 0.85 என்றால் 3.54 டிஃப்பில் எஞ்சின் 3,000 சுற்று, 2.88-இல் 2,450. லேசான வண்டிக்கும் இந்த எஞ்சினின் இழுவைக்கும் 2.88 போதும், ஃப்ரீவேயில் காதும் வலிக்காது.

சக்கரத்தில் ஒரு பொறி உண்டு, கவனமாகக் கேள். ஜாகுவார் ஹப்பில் போல்ட்கள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 5 போல்ட் 120.65 மி.மீ, பிஎம்டபிள்யூ சக்கரம் 5 போல்ட் 120 மி.மீ. ஏறத்தாழ ஒன்றுதான் என்று இழுத்து மாட்டுவார்கள். நட்டு உட்காரும், ஆனால் மையத்தில் உட்காராது. ஸ்டட் (சக்கர போல்ட்) சாய்ந்து இழுபடும், 100 கி.மீக்கு மேல் ஸ்டியரிங் உதறும், பிறகு ஒரு நாள் ஸ்டட் முறியும். ஏற்கெனவே அலாய் மாட்டியிருந்தால் ஒன்றைக் கழற்றி உட்பக்கம் அளந்துவிடு.

1யூஇசட் எஞ்சினை டொயோட்டா எந்த வண்டியிலும் மேனுவல் பெட்டியோடு விற்றதில்லை. ஆகவே எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கும் பெல் ஹவுசிங் அடாப்டர், ஃப்ளைவீல், கிரேங்க் முனையில் வைக்கும் ஸ்பிகட் பேரிங் புஷ் மூன்றும் செய்தே ஆக வேண்டும். டொயோட்டாவின் டபிள்யூ58 மேனுவல் பெட்டிக்கு அடாப்டர் செய்வது இங்கே பழகிப்போன வேலை. அடாப்டர் தகட்டை டயல் கேஜ் வைத்து மையம் பார்க்காமல் பூட்டினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் அழும். கிளட்ச் விடும்போது நடுக்கம் வந்தால் முதல் சந்தேகம் இதுதான். இன்னொன்று: ஸ்டார்டர் மோட்டார் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, வி-யின் பள்ளத்தில் படுத்திருக்கிறது. எஞ்சின் வெளியே இருக்கும்போதே அதையும், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், டென்ஷனரையும் புதிதாகப் போடு. இதில் மிச்சம் பிடிக்காதே.

பிரேக்கில் இரண்டு தவறு அடிக்கடி நடக்கும். மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் இல்லாமல் கட்டும்போது பெடல் ரேஷியோ (பெடலின் நெம்புகோல் விகிதம்) 6-க்கு 1 வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பெரிதானால் பிரேக் பலமாகும் என்று நினைப்பது நேர்மாறு. காலில் 30 கிலோ அழுத்தம், 6 மடங்கில் 180 கிலோ. 3/4 அங்குல சிலிண்டரில் அது சதுர செ.மீக்கு 63 கிலோ, 7/8 அங்குலத்தில் 46 கிலோதான். பெடல் கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. பூஸ்டர் உள்ள வண்டியின் சிலிண்டரைக் கழற்றிப் போட்டால் வரும் தொல்லை இது. இரண்டாவது, பைப் நட்டு. ஜாகுவார் காலத்துப் பாகம் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை; புதிய பாகம் 10 மி.மீ, மரை இடைவெளி 1.0 மி.மீ. கையால் திருகும்போது இரண்டும் ஒன்றில் ஒன்று சில சுற்று ஏறிவிடும். பூட்டிய மாதிரியே தெரியும், அழுத்தம் வந்ததும் மரை உரிந்து ஒழுகும். ஒவ்வொரு நட்டையும் மரை அளவுகோல் வைத்துப் பார்த்து, வகை பிரித்து டப்பாவில் போடு.

சூடு: கோப்ராவின் மூக்குத் துளை சின்னது. ரேடியேட்டருக்கும் வாய்க்கும் நடுவே நாலு பக்கமும் அலுமினியத் தகடு அடைக்காவிட்டால் காற்று சுற்றிக்கொண்டு ஓடிவிடும். விசிறியைச் சுற்றிக் காற்றை அடைக்கும் கூடு (ஷ்ரௌட்) கட்டாயம். ரேடியேட்டர் எஞ்சினைவிடத் தாழ்ந்திருப்பதால் தண்ணீர் ஊற்றும் ஹெடர் டாங்க் மிக உயரமான இடத்தில் வேண்டும், இல்லையேல் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் காற்று அடைபடும். சோதனை ஓட்டத்தை ஜனவரி மாதம் மத்தியானம் பைன்டவுன் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில், வண்டிகள் ஊர்ந்து ஏறும் நேரத்தில் வை. திறந்த ஃப்ரீவேயில் எந்த வண்டியும் குளிர்ந்துதான் ஓடும்.

மெரிபேங்க்_தம்பி எழுதியது:

அக்கா, அய்யா, இருவருக்கும் மிக்க நன்றி. படங்களைத் திரும்பப் பார்த்தேன். பாடியில் கதவுக் கீல் பக்கமும் பின் ஃபெண்டர் மேலும் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு இருக்கிறது. புட்டி வைத்து அடித்துவிட முடியுமா? எஞ்சினுக்கு எந்த ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போடுவது?

டோங்காட்_ஃபைபர் எழுதியது:

புட்டி வைத்தால் ஆறு மாதத்தில் அதே வெடிப்பு அதே இடத்தில் பெயிண்ட் வழியே திரும்ப வரும். அந்தக் கோடுகள் ஜெல்கோட்டில் (ஃபைபரின் வெளிப்பூச்சு) தெரிந்தாலும் காரணம் பின்னால் இருக்கிறது. கீல் பக்கம் வெடித்திருக்கிறது என்றால் கதவின் எடை தாங்க உள்ளே இரும்புத் தகடு இல்லை, அல்லது ஃபைபர் மெல்லியது. ஃபெண்டர் மேல் நட்சத்திரம் மாதிரி வந்திருந்தால் கீழேயிருந்து எதுவோ குத்தியிருக்கிறது, பெரும்பாலும் டயர் எறிந்த கல்.

சரி செய்யும் முறை: முன்பக்கம் வெடிப்பின் நீளம் முழுக்க வி மாதிரி ஜெல்கோட்டைத் தாண்டிக் கண்ணாடி நார் வரை அரைக்க வேண்டும். பின்பக்கம் வெடிப்பைச் சுற்றி 75 மி.மீ அகலத்துக்கு 40 கிரிட்டில் சொரசொரப்பாக்கி, 450 கிராம் சாப்டு மேட் (வெட்டிய கண்ணாடி நார் விரிப்பு) இரண்டு அடுக்கு வைக்க வேண்டும். ஒரு அடுக்கு காய்ந்ததும் ஏறக்குறைய 1 மி.மீ. மேட் 1 கிலோ என்றால் ரெசின் 2 முதல் 2.5 கிலோ. அதற்கு மேல் ஊற்றினால் பலம் கூடாது, உடையும் தன்மைதான் கூடும். கீலுக்கு 3 மி.மீ இரும்புத் தகடு வைத்து அதன் மேல் அடுக்கு போடுங்கள்.

நம் கடற்கரை வெயிலில் ஹார்டனர் அளவு முக்கியம். 30 டிகிரியில் 1 சதவீதம், அதாவது 1 கிலோ ரெசினுக்கு 10 கிராம், போதும். குளிர்காலப் பழக்கத்தில் 2 சதவீதம் போட்டால் டப்பாவிலேயே இறுகும், பாடியில் சூடேறிச் சுருங்கி, நாரின் அச்சு மேலே தெரியும். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் இந்த வேலையே வேண்டாம். ஈரம் ரெசினுக்குள் போய்ப் பிசுபிசுப்பாகவே நிற்கும். ஏற்கெனவே யாராவது இபாக்ஸி வைத்து ஒட்டியிருந்தால் அதன் மேல் பாலியெஸ்டர் பிடிக்காது. பாலியெஸ்டர் மேல் இபாக்ஸி பிடிக்கும், தலைகீழாகப் பிடிக்காது.

பெயிண்டுக்கு முன் பேனல் பீட்டர்கள் (பாடி வேலை செய்கிறவர்கள்) விடுகிற தவறு, முதலில் மணல்தாள் போடுவது. மோல்டிலிருந்து வந்த மெழுகு மேலே இருக்கிறது, தாள் அதை உள்ளே தேய்த்துவிடும். பிறகு பெயிண்ட் மீன்கண் மாதிரி விலகி நிற்கும். மெழுகு எடுக்கும் திரவத்தால் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால் துடைத்துவிட்டுத்தான் தாள். கதவு இடைவெளியை வண்டி நாலு டயரில், எஞ்சினும் பெட்டியும் ஏறி, சீட்டில் ஆள் எடையோடு நிற்கும்போது சரி பாருங்கள். ஸ்டாண்டில் வைத்து 5 மி.மீ சீராகப் பார்த்த கதவு கீழே இறக்கியதும் உரசும்.

வாங்குமுன் ஒரு 5 ராண்ட் நாணயத்தால் பாடி முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்று வரவேண்டும். பொத்தென்று கேட்டால் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன.

ஈசியு: இங்கேயே செய்கிற ஸ்பிட்ரானிக்ஸ் அல்லது டிக்டேட்டர் போதும், டியூன் செய்யத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே கிடைப்பார்கள். ஃபைபர் பாடி மின்சாரம் கடத்தாது என்பதை வயரிங் போடும்போது மறக்காதீர்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் சேசிஸுக்கு வேண்டும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக மின்னுகிறதா, எர்த்தைத் தேடுங்கள். எஞ்சினிலிருந்து சேசிஸுக்குத் தடித்த பட்டை எர்த் இல்லாவிட்டால் ஸ்டார்டர் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே போய் அதை உருக்கிவிடும்.

மாரிட்ஸ்பர்க்_செவன் எழுதியது:

எல்லோரும் கோப்ராவை முடிப்பது எப்படி என்று சொல்கிறீர்கள். நான் கேள்வியையே கொஞ்சம் நகர்த்துகிறேன். கட்டும் அனுபவமும் ஓட்டும் சுகமும் வேண்டும், பணம் 3,50,000-க்குள் என்றால் லேசான திறந்த ஸ்போர்ட்ஸ் காரான லோட்டஸ் செவன் மாதிரி வண்டி ஏன் வேண்டாம்? செவன் மாதிரி வண்டி கட்டும் பர்கின் நம் டர்பன் பக்கத்தில் பிறந்த பெயர். நல்ல பேப்பரோடு பழைய வண்டிகள் விற்பனைக்கு வருகின்றன. எடை 600 கிலோவைச் சுற்றித்தான். அந்த எடைக்கு 1,587 சிசி டொயோட்டா 4ஏஜிஇ எஞ்சின் தாராளம். கொரோலாவிலும் கான்க்வெஸ்டிலும் வந்த எஞ்சின், பாகம் எங்கும் கிடைக்கும். முன் சக்கர ஓட்ட வண்டியிலிருந்து எடுத்தால் பெட்டி மட்டும் பின் சக்கர ஓட்டத்துக்குரிய டி50 ஆக மாற்ற வேண்டும். பாடி பெரும்பாலும் தட்டை அலுமினியம், ஃபைபர் மூக்கும் ஃபெண்டரும் மட்டும். டோங்காட் அண்ணன் சொன்ன பெயிண்ட் வேலை கால்வாசியாகக் குறையும்.

கோப்ராவின் அழகு இதில் வராது, உண்மை. டர்பனிலிருந்தும் கெபெஹாவிலிருந்தும் (பழைய போர்ட் எலிசபெத்) கோப்ராக்கள் அமெரிக்காவுக்கே கப்பலேறுகிற நாடு இது, ஆசை வருவது இயல்பு. ஆனால் ஏற்றுமதிக்குச் செய்த இடதுபக்க ஸ்டியரிங் சேசிஸ் மலிவாக வந்தால் தொடாதீர்கள், இங்கே புதிதாகப் பதிவு செய்ய முடியாது. உங்கள் பைன்டவுன் சேசிஸில் பெடல் பாக்ஸ் எந்தப் பக்கம் என்று பார்த்தீர்களா?

மெரிபேங்க்_தம்பி எழுதியது:

வலது பக்கம்தான் அண்ணா. சனிக்கிழமை டேப்பும் நாணயமும் எடுத்துக்கொண்டு போகிறேன். சேசிஸ் நேராக இருந்து, விற்கிறவர் சத்தியக் கடிதம் தரச் சம்மதித்தால், எவ்வளவுக்குக் கேட்கலாம்?

லெனேஷியா_அக்கா எழுதியது:

முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். சிறு தொகை முன்பணம் கொடுத்து, சேசிஸுக்குப் போலீஸ் கிளியரன்ஸ் கிடைத்தால் மீதி, கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். விற்கிறவர் அதற்கு மறுத்தால் வண்டியை விட்டுவிடுங்கள், வெல்டர் அய்யா பார்த்து நல்ல சேசிஸ் என்று சொன்னாலும் சரி. ஒத்துக்கொண்டால் கேட்கும் விலையிலிருந்து ஆக்சில் சீல், டிஸ்க், பேரிங், ஃபைபர் வேலை இவற்றுக்கு எழுத்தில் கொட்டேஷன் வாங்கி அந்தத் தொகையைக் கழித்துக் கேளுங்கள். வாயால் பேரம் பேசுவதைவிடத் தாளைக் காட்டுவது நிற்கும்.

இசிபிங்கோ_வெல்டர் எழுதியது:

தம்பி, சனிக்கிழமை டிஃப் தட்டில் உள்ள எண்ணையும் இரண்டு மூலைவிட்ட அளவையும் படமாக எடுத்து இங்கே போடு. முன் ஹப்பைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டி, பால் ஜாயிண்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் எழுது. குழாயில் சந்தேகமான இடம் இருந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் எடு.